இதையும் கொஞ்சம் பாருங்கள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். பாராட்டுக் கடிதம் அல்ல. என் நாவல்களில் வரும் ஆண்பிள்ளைகள் எல்லோரும் காலை ஒன்பதரை மணிக்கு ஆபீஸுக்குப் போகிறார்களாம். மாலை ஆறு மணிக்குக் களைத்துப் போய் வீடு திரும்புகிறார்களாம். நடுவில் உள்ள எட்டரை மணி நேரம் அவர்கள் என்ன செய்தார்கள் என்று நான் ஒரு வரிகூட எழுதியதில்லையாம். "உங்கள் கதாநாயகனுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்கிறார்கள் என்று உங்களுக்காவது தெரியுமா?" என்று கேட்டிருந்தார்.

அவர் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். அந்தப் பிரிவிலிருந்து இரண்டு பேர் விலகிப் போனார்கள். அவர்கள் இடத்துக்கு ஆள் போடவில்லை. "கொஞ்ச நாளைக்கு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாராம் மேலதிகாரி. இப்போது மூன்று பேருடைய வேலையை இவர் ஒருவர் செய்கிறார். சம்பளம் மட்டும் ஒருவருடைய சம்பளம்தான். 'இதைப் பற்றி எந்த ஆசிரியராவது எழுதியிருக்கிறாரா? இருந்தால் பெயரைச் சொல்லுங்கள். படித்தாவது ஆறுதல் அடைகிறேன்' என்று கடிதத்தை முடித்திருந்தார்.

முதல் குற்றச்சாட்டை நான் மறுப்பதற்கில்லை. எழுத்தையே நம்பிப் பிழைக்கத் தொடங்குவதற்கு முன் நானும் சில வருஷங்கள் ஓர் ஆபீஸில் உட்கார்ந்து கடிதம் எழுதியவன்தான். ஆயினும் அந்த எட்டரை மணி நேரம் என் கதைகளில் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் எளிது, எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஆறுதல் கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

குமாஸ்தாவின் கதை என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது டிக்கன்ஸ்தான். 1843-ஆம் வருஷம் அவர் வெளியிட்ட கிறிஸ்துமஸ் கதையில் பாப் கிராட்சிட் என்று ஒரு குமாஸ்தா. வாரத்துக்குப் பதினைந்து ஷில்லிங் சம்பளம். பிள்ளைகுட்டிக்காரன். குளிர் காய்வதற்கு ஒரு கரித்துண்டு வேண்டுமானாலும் எஜமானனிடம் போய் நிற்க வேண்டும். கரிப்பெட்டி ஸ்க்ரூஜின் அறையில் இருக்கிறது. பண்டிகைக்கு ஒரு நாள் லீவு கொடுப்பதை, வேலை செய்யாத நாளுக்கும் கூலி கொடுக்கும் அநியாயம் என்று ஸ்க்ரூஜ் முணுமுணுக்கிறான். எவ்வளவு உண்மையான எஜமானன்! அவன் கண்ணுக்கு நஷ்டப்படுகிறவன் அவன்தான். இந்த இடம் வரையில் டிக்கன்ஸை மிஞ்ச ஆள் இல்லை. அதற்கப்புறம் பேய்கள் வருகின்றன; ஒரே இரவில் ஸ்க்ரூஜின் மனசு மாறுகிறது; கிராட்சிட்டுக்குச் சம்பளம் உயர்கிறது. நான் இந்தக் கதையை நாலைந்து தடவை படித்து, ஒவ்வொரு தடவையும் கண்கலங்கியிருக்கிறேன். என்றாலும் திருச்சி நண்பருக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவருடைய மேலதிகாரியின் படுக்கையறைக்குப் பேய்களை அனுப்பிவைக்க நம்மால் ஆகாது.

கோகோல் இன்னும் ஆழமாகப் போனவர். அவருடைய 'மேல்கோட்டு' என்ற கதை 1842-இல் வெளிவந்தது. அகாக்கி அகாக்கியெவிச் என்ற நகல் எழுதும் குமாஸ்தாவுக்கு வருஷத்துக்கு நானூறு ரூபிள் சம்பளம். அவனுடைய மேஜையில் யார் வேண்டுமானாலும் காகிதத்தைக் கொண்டுவந்து போடலாம். போட்டவர் யார், போடுவதற்கு அவருக்கு அதிகாரம் உண்டா என்று அவன் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. காகிதத்தைத்தான் பார்க்கிறான், உடனே எழுத ஆரம்பித்துவிடுகிறான். கோகோல் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். எந்த ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரைப் பற்றி மற்றவர்கள் 'தங்கமான மனுஷன்' என்று சொல்வார்கள். தங்கம் என்று சொல்வதன் தாத்பரியம், அவர் மேஜையில் எதை வைத்தாலும் திரும்பி வராது என்பதுதான்.

அதே கதையில் இன்னொரு சம்பவம். நல்லவரான ஓர் அதிகாரி, அகாக்கியின் நெடுநாள் உழைப்புக்குச் சன்மானமாக, கொஞ்சம் உயர்ந்த தரமான வேலை ஒன்றைக் கொடுக்கிறார். தலைப்பை மாற்றி, சில இடங்களில் வினைச்சொற்களைத் தன்மையிலிருந்து படர்க்கைக்கு மாற்ற வேண்டும், அவ்வளவே. மனிதனுக்கு வேர்த்துக் கொட்டிவிடுகிறது. தனக்கு நகல் எழுதும் வேலையையே கொடுத்துவிடும்படி கெஞ்சுகிறான். இதைப் படித்துச் சிரிக்கிறோம். சிரித்த பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த உயர்ந்த வேலைக்கு உயர்ந்த சம்பளம் உண்டு என்று அதிகாரி சொன்னதாகக் கதையில் இல்லை. வேலையே சன்மானம்! இந்த முறை பீட்டர்ஸ்பர்க்கோடு போய்விட்டதாக நினைக்க வேண்டாம்.

நம் பக்கத்தில் புதுமைப்பித்தன் 'மனித யந்திரம்' எழுதியிருக்கிறார். மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்ற கடைக் குமாஸ்தா, வாழ்நாளெல்லாம் முதலாளியின் பற்று வரவை எழுதி எழுதித் தேய்ந்தவர், ஒரு நாள் ராத்திரி பெட்டிப் பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடிவிடலாம் என்று ரயில் நிலையம் வரையில் போகிறார். ஓடவில்லை. திரும்பி வந்து பணத்தை வைத்துவிட்டு, தாம் செலவழித்த சொற்பத்தைத் தம் கணக்கில் பற்றெழுதிவிடுகிறார். தமிழில் குமாஸ்தாவைப் பற்றி எழுதப்பட்ட கதைகளில் இதைவிடச் சிறந்ததை நான் படித்ததில்லை. ஆனால் பிள்ளையவர்களின் துக்கம் திருச்சி நண்பரின் துக்கம் அல்ல. பிள்ளைக்கு வேலை கூடவில்லை. வேலை முடியவில்லை, அதுதான். நண்பர் கேட்பது வேறு. சம்பளத்துக்குள் அடங்காத ஒரு வேலையை நீட்டி, 'இதையும் கொஞ்சம் பாருங்கள்' என்று ஒருவன் சொல்கிறானே, அந்தக் கணத்தை யார் எழுதியிருக்கிறார்கள்?

அந்தக் கணத்தை எழுதியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில்.

மெல்விலைத் திமிங்கில வேட்டைக் கதை எழுதியவர் என்றுதான் நம்மவர்களுக்குத் தெரியும். 'மோபி டிக்' 1851-இல் வந்தது. அன்றைக்கு அது அவருக்குப் பணமோ பெயரோ சம்பாதித்துக் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் எழுதிய நாவலோ படுதோல்வி. அதற்குப் பிறகு, 1853-ஆம் வருஷக் கடைசியில், 'பட்னம்ஸ்' என்ற மாதப் பத்திரிகையில் இரண்டு இதழ்களாக, ஆசிரியர் பெயர் போடாமல் ஒரு கதை வந்தது. நகல் எழுதுகிற பார்ட்டில்பி என்பவனின் கதை. வால் ஸ்ட்ரீட்டின் கதை என்று ஒரு துணைத் தலைப்பும் உண்டு.

கதையைச் சொல்லுகிறவர் எஜமானர். வயதான வக்கீல். கோர்ட்டில் நின்று கர்ஜிக்கிற வக்கீல் அல்ல; பணக்காரர்களுடைய பத்திரங்களையும் அடமானங்களையும் பார்த்துக்கொண்டு நிம்மதியாகக் காலம் தள்ளுகிறவர். அவரிடம் டர்க்கி, நிப்பர்ஸ் என்று பட்டப்பெயர் கொண்ட இரண்டு நகல் குமாஸ்தாக்கள். டர்க்கிக்கு அறுபது வயதிருக்கும். மத்தியானத்துக்குமேல் முகம் சிவந்து, காகிதமெல்லாம் மை கொட்டிவிடுவான். நிப்பர்ஸ் இளைஞன், அவனுக்குக் காலையில் அஜீர்ணமும் எரிச்சலும். ஏவல் வேலைக்கு ஜிஞ்சர் நட் என்று பன்னிரண்டு வயதுப் பையன். வக்கீலுக்கு வேலை பெருகுகிறது. பார்ட்டில்பி என்ற வெளிறிப்போன இளைஞனை நியமிக்கிறார். பக்கத்துக் கட்டிடத்தின் சுவரைப் பார்த்த ஜன்னலோரத்தில் அவனுக்கு இடம். நடுவில் ஒரு பச்சைத் தட்டி. முதல் இரண்டு நாள் அவன் பசித்தவன் சோற்றைக் கண்டதுபோல எழுதித் தள்ளுகிறான். மூன்றாம் நாள் வக்கீல் ஒரு சிறு நகலைச் சரிபார்க்க அவனைக் கூப்பிடுகிறார். அவனோ, மிகவும் மரியாதையாக, அதைச் செய்யாமலிருப்பதையே தான் விரும்புவதாகச் சொல்லிவிடுகிறான்.

பிறகு நடப்பது உலகப் பிரசித்தம். எதைச் சொன்னாலும் அதே பதில். கடைசியில் நகல் எழுதுவதையும் விட்டுவிடுகிறான். ஆபீஸிலேயே குடியிருக்கிறான் என்பது தெரியவருகிறது. போகச் சொன்னால் போவதில்லை. வக்கீல் தாமே ஆபீஸைக் காலி செய்துகொண்டு போகிறார். பார்ட்டில்பி சிறைக்குப் போய், அங்கே சாப்பிடாமல் கிடந்து சாகிறான்.

இந்தக் கதைக்கு எழுதப்பட்ட வியாக்கியானங்களை அடுக்கினால் ஓர் அலமாரி நிறைந்துவிடும். பார்ட்டில்பி மெல்விலே என்றார்கள். புத்தகம் விற்காத ஆசிரியன் எழுத மறுக்கிறானாம். பார்ட்டில்பி ஒரு ஞானி என்றார்கள், பைத்தியம் என்றார்கள். 2011-இல் நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமித்துப் போராடியவர்கள் அவனைத் தங்கள் முன்னோடியாக எடுத்துக்கொண்டு அந்தக் கதையைப் பொதுவிடத்தில் உரக்கப் படித்தார்கள். இவற்றில் எதையும் நான் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் இத்தனை பெரியவர்களும் மூன்றாம் நாள் நடந்ததை ஏன் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அவன் முதன்முதலில் மறுத்தது எதை?

தன் வேலையை அல்ல. பார்ட்டில்பியின் கூலி என்ன என்பதை மெல்வில் கணக்காகச் சொல்லியிருக்கிறார். நூறு சொற்கள் கொண்டது ஒரு ஃபோலியோ. ஒரு ஃபோலியோவுக்கு நாலு சென்ட். ஆயிரம் சொல் எழுதினால் நாற்பது சென்ட். எழுதினால்தான் காசு. எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டு, ஒருவர் வாசிக்க ஒருவர் பார்த்து, சொல் சொல்லாகச் சரிபார்க்கும் வேலைக்குக் கூலி உண்டு என்று கதையில் எங்கும் இல்லை. அது கூலிக்குள் அடங்காத வேலை. எழுதுகிற நேரத்தைத் தின்கிற வேலை. அது எப்படிப்பட்டது என்பதை வக்கீலே ஒப்புக்கொள்கிறார்: சலிப்பூட்டுகிற, தூக்கம் வரவழைக்கிற வேலையாம், பைரன் போன்ற ஒரு கவிஞனைப் பார்ட்டில்பியோடு உட்காரவைத்து, ஐந்நூறு பக்கப் பத்திரம் ஒன்றைச் சரிபார்க்கச் சொன்னால் சந்தோஷமாகச் செய்வானா என்று தமாஷாகக் கேட்கிறார். கவிஞனுக்கு ஆகாது, குமாஸ்தாவுக்கு ஆகும்.

அந்தக் கூப்பிடுதலை மெல்வில் எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். வக்கீலுக்கு அவசரம். குனிந்து மூலப் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டுகிறார், கையில் நகல். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிறவன் வந்த வேகத்தில் அதைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பு. தலை நிமிரவில்லை. வருகிறவன் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்குத் தோன்றவில்லை. கோகோலின் குமாஸ்தா கொடுப்பவன் முகத்தைப் பார்ப்பதில்லை. மெல்விலின் எஜமானர் வாங்குகிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை. கூடுதல் வேலை என்பது பெரும்பாலும் இப்படித்தான் கை மாறுகிறது. அது உத்தரவாக வருவதில்லை. உத்தரவென்றால் அதை எழுத்தில் கேட்கலாம், சம்பளம் என்ன என்று கேட்கலாம். நீட்டிய கையிடம் என்ன கேட்பது?

சில நாள் கழித்து நாலு நீண்ட நகல்களைச் சரிபார்க்க எல்லோரையும் வரிசையாக உட்காரவைக்கிறார். பார்ட்டில்பி மறுபடியும் மறுக்கிறான். அப்போது வக்கீல் அவனிடம் எடுத்துச் சொல்லும் நியாயங்கள் மூன்று. அவை அவன் எழுதிய நகல்களே. ஒரு தடவை பார்த்தால் நாலும் முடிந்துவிடும் என்பதால் அது அவனுக்கே லாபம். இது வழக்கம், நகல் எழுதுகிற எவனும் இதற்குக் கட்டுப்பட்டவன். நூற்றெழுபது வருஷம் ஆகிவிட்டது, இந்த மூன்றைத் தவிர நாலாவது நியாயம் ஒன்றை எந்த மானேஜரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. 'உங்கள் ஸீட் சம்பந்தப்பட்டதுதானே', 'உங்களுக்கும் அனுபவமாகும்', 'இங்கே எல்லோரும் செய்வதுதான்'. நண்பரே, உங்கள் மேலதிகாரி இவற்றில் எதைச் சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

வழக்கம் என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. இதே வக்கீல், கதை தொடங்கும்போது, தமக்குக் கிடைத்த ஒரு கூடுதல் பதவியைப் பற்றிச் சொல்கிறார். சான்ஸரி நீதிமன்றத்தைச் சேர்ந்த பதவி அது. அதிகச் சிரமமில்லை, நல்ல வருமானம். புதிய அரசியல் சட்டம் வந்து அந்தப் பதவியையே எடுத்துவிட்டது. தாம் எளிதில் கோபப்படாதவர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மனிதர் இந்த ஓர் இடத்தில் தம்மைக் கட்டுப்படுத்த முடியாமல் கொதிக்கிறார். ஆயுள் முழுதும் வரும் என்று நம்பியிருந்த வருமானம் போய்விட்டதே! எஜமானருக்குக் கூடுதல் வேலை வந்தபோது கூடுதல் பணம் வந்தது. பணம் நின்றபோது அநீதி என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் கூடுதல் வேலையால் பெருகிய காகிதங்களுக்காகத்தான் பார்ட்டில்பியை அமர்த்தினார். அவனுக்கு வந்த கூடுதல் வேலைக்கு மட்டும் 'வழக்கம்' என்று பெயர். மெல்வில் இதைச் சுட்டிக் காட்டவில்லை. இரண்டையும் அந்த மனிதரின் வாயாலேயே சொல்லவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அவரைப் பெரிய எழுத்தாளர் என்று சொல்வதற்கு எனக்குத் திமிங்கிலம் வேண்டியதில்லை, இதுவே போதும்.

இந்த வக்கீல் கெட்டவர் அல்ல என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கதைக்கு அநியாயம் செய்தவனாவேன். பார்ட்டில்பியை அடித்துத் துரத்தவில்லை. போகச் சொல்லும்போது பாக்கி பன்னிரண்டு டாலரோடு இருபது சேர்த்துக் கொடுக்கிறார். தம் வீட்டுக்கே அழைக்கிறார். சிறைக்குப் போய்ப் பார்க்கிறார். நல்லவர்தான். ஆனால் தம் நல்ல குணத்துக்கும் ஒரு பேரேடு வைத்திருக்கிறார்; இந்த அபூர்வப் பிராணியை ஆதரிப்பதில் செலவு குறைவு, மனசுக்குக் கிடைக்கும் திருப்தி அதிகம் என்று கணக்குப் பார்க்கிறார். ஸ்க்ரூஜை வெறுத்துவிடலாம். இவரை வெறுக்க முடிவதில்லை. கூடுதல் வேலை கொடுக்கிறவர்களில் நான் பார்த்த முக்கால்வாசிப் பேர் ஸ்க்ரூஜ் ஜாதி அல்ல, இந்த ஜாதி. குழந்தைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் காகிதத்தை நீட்டுவார்கள்.

இனி என் குறைகள். கதையின் பிற்பாதியில் மெல்வில் தாம் பிடித்த நூலை விட்டுவிட்டார் என்பது என் அபிப்பிராயம். சரிபார்க்க மறுத்தவன், தபாலாபீஸுக்குப் போக மறுத்தவன், இந்த வரைக்கும் ஒரு நியாயம் தெரிகிறது: கூலி பேசாத வேலையைச் செய்யமாட்டேன் என்கிறான். ஆனால் கூலி பேசிய நகல் வேலையையும் அவன் நிறுத்தியதும், கதை ஆபீஸை விட்டு ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. விமரிசகர்களுக்கு ஆகாயம்தான் சௌகரியம். கடைசியில், அவன் முன்பு விலாசதாரருக்குச் சேராத கடிதங்களை எரிக்கும் தபால் பிரிவில் வேலை பார்த்தான் என்று ஒரு வதந்தியைச் சேர்த்து, நம்மை உருக்கிவிடுகிறார். அருமையான உருக்கம்தான். ஆயினும் அந்த உருக்கத்தில், நாலு சென்ட் கணக்கு மறந்துபோகிறது.

இதை நான் கொஞ்சம் தயக்கத்தோடு சொல்கிறேன். மெல்விலுக்கு இந்தக் கணக்கு தெரியாதது அல்ல. அவருடைய கையெழுத்துப் பிரதிகளை அச்சுக்குத் தெளிவாக நகல் எடுத்துக் கொடுத்தவர்கள் அவர் மனைவியும் தங்கையும். அவர்களுக்கு ஃபோலியோவுக்கு எத்தனை சென்ட் கொடுத்தார் என்று கேட்கத் தோன்றுகிறது! பின்னால், எழுத்து சோறு போடாமல் போய், 1866-லிருந்து பத்தொன்பது வருஷம் நியூயார்க் சுங்க இலாகாவில் நாள் கூலி நாலு டாலருக்கு உத்தியோகம் பார்த்தார்.

இன்னொரு விஷயம். இது குறை அல்ல. இந்தக் கதையில் என்னை வந்து குத்திய ஒரு வாக்கியம்.

பார்ட்டில்பி மறுத்த வேலை என்ன ஆயிற்று? வேலை மறைந்துபோய்விடவில்லை. ஃபோலியோவுக்கு நாலு சென்ட் என்று கூலியைச் சொல்கிற அதே வாக்கியத்தில், பார்ட்டில்பி எழுதுகிற நகல்களைச் சரிபார்க்கும் பொறுப்பு டர்க்கிக்கும் நிப்பர்ஸுக்கும் மாற்றப்பட்டது என்று வக்கீல் சொல்லிவிட்டுப் போகிறார்; அவர்களுடைய கூர்மையான புத்திக்குச் செலுத்திய மரியாதை போலும் என்று ஒரு கேலி வேறு. தாங்கள் எழுதியதையே கூலியில்லாமல் சரிபார்த்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது அவன் எழுதியதையும் சேர்த்துச் சரிபார்க்கிறார்கள். டர்க்கி ஒரு நாள் பார்ட்டில்பியின் கண்ணில் குத்தப் போவதாகக் கிளம்புகிறான். அதைப் படித்து எல்லோரும் சிரிக்கிறார்கள், கிழவன் சாப்பாட்டோடு பீர் குடித்திருக்கிறான் என்று. அவனுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்பதற்கு பீரைத் தவிர இன்னொரு காரணமும் கதையிலேயே இருக்கிறது.

நான் இதைச் சிரிக்காமல் படித்ததற்குக் காரணம் உண்டு.

முன்பு சொன்ன ஆபீஸில் எனக்குக் கடிதப் போக்குவரத்துப் பிரிவு. தபால் அனுப்பும் பிரிவில் இருந்தவர் வேலையை விட்டுப் போனார். மானேஜர் என்னைக் கூப்பிட்டார். "சார், ஆள் வருகிற வரைக்கும் இந்த ரிஜிஸ்தரையும் கொஞ்சம் பாருங்கள், உங்கள் கடிதங்கள்தானே போகின்றன" என்றார். மெல்விலின் முதல் நியாயம். அப்போது நான் மெல்விலைப் படித்திருக்கவில்லை. பார்க்கிறேன் என்றேன். ஆள் வரவில்லை. ஒன்றரை வருஷம் பார்த்தேன். ஆறு மணிக்கு எழுந்திருந்தவன் எட்டு மணிக்கு எழுந்திருக்கலானேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, நாவல் எழுதலாம் என்று நோட்டைப் பிரித்தால் தபால் தலைக் கணக்குத்தான் கண்ணில் தெரியும்.

ஒரு நாள் துணிந்து உள்ளே போய், இனி என்னால் இயலாது, வேண்டுமானால் அதற்குத் தனியாக ஏதாவது போட்டுக் கொடுங்கள் என்று சொன்னேன். குரல் நடுங்கிற்று. மானேஜர் கோபிக்கவில்லை. "உங்கள் சிரமம் எனக்குத் தெரியாதா? நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். வெளியே வந்தபோது எனக்குத் தலை கால் புரியவில்லை. அன்று ராத்திரி ஏழு பக்கம் எழுதினேன்.

மறுநாள் காலையில் அந்த ரிஜிஸ்தர் அடுத்த மேஜையில் இருந்தது.

அடுத்த மேஜையில் இருந்தவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். ஓய்வு பெற நாலு வருஷம் பாக்கி. இரண்டாவது பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். 'மாட்டேன்' என்று சொல்லக்கூடிய நிலைமையில் அவர் இல்லை என்பது மானேஜருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஆறு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு புறப்படும்போது, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, "கிளம்பியாச்சா தம்பி?" என்பார். அவ்வளவுதான். எனக்கு மட்டும் அது வேறு மாதிரிக் கேட்கும். சில நாட்களில் அவர் குனிந்திருக்கும் சமயம் பார்த்து நழுவியிருக்கிறேன்.

இப்படித்தான் என் முதல் நாவல் எழுதப்பட்டது. அதை முழுக்க என் சாயங்காலங்களில் எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை; பாதிக்குமேல் அவருடைய சாயங்காலங்கள். ஆபீஸ் என் கதைகளில் வராததற்குக் காரணம் இதுதான். எழுத உட்கார்ந்தால், என்னை மறுத்துப் பேசிய வீரனாக எழுத வேண்டும், அல்லது அவரை எழுத வேண்டும். முதலாவதில் பொய் இருக்கிறது. இரண்டாவதற்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

மெல்விலாவது டர்க்கியை எழுதியிருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆதங்கம். மறுக்கிறவனைச் சுற்றி ஒரு பிரகாசம் உண்டாகிவிடுகிறது. ஆசிரியனும் வாசகனும் அவனையே பார்க்கிறார்கள். வக்கீல் வேறு ஆபீஸுக்குப் போன பிறகு அந்தக் கிழவனைப் பற்றிக் கதையில் பேச்சே இல்லை. எத்தனை நகல்களைச் சரிபார்த்தான், கண் எப்போது மங்கிற்று, என்றைக்காவது அவனுக்கும் ஒருவன் ஆயுதமாகத் தன் வார்த்தையைக் கொடுத்தானா, ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு வேடிக்கையான இடத்தில், 'விரும்புகிறேன்' என்ற பார்ட்டில்பியின் சொல், தம்மை அறியாமலே டர்க்கியின் பேச்சிலும் நிப்பர்ஸின் பேச்சிலும் புகுந்துவிடுகிறது. வக்கீலுக்கு அதைக் கேட்டதும் திக்கென்கிறது. மூன்று பேரும் சேர்ந்து சொல்லிவிட்டால்? அந்த வாசலைத் திறந்தவர், உள்ளே போகாமல் மூடிவிட்டார். மூன்று குமாஸ்தாக்களும் ஒரே நாளில் மறுக்கும் கதையை அவர் எழுதியிருந்தால் அது இவ்வளவு அழகான கதையாக இருந்திராது. எனக்கு இன்னும் வேண்டிய கதையாக இருந்திருக்கும்.

நண்பருக்கு நான் எழுதிய பதிலில் இவ்வளவும் எழுதவில்லை. பார்ட்டில்பியைப் படியுங்கள் என்றேன். நியமன உத்தரவில் உங்கள் வேலை என்னவென்று எழுதியிருப்பதை எடுத்துப் பாருங்கள், புதிதாகச் சேர்ந்த வேலைகளைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி மேலதிகாரியிடம் நேரில் கொடுங்கள் என்றேன். உள்ளே போகும் முன், அந்தப் பிரிவில் மிஞ்சியிருப்பவர்களோடு உட்கார்ந்து ஒரு காபி சாப்பிடுங்கள் என்றும் எழுதினேன். ஏன் என்று அவர் கேட்டு எழுதினால் இந்தக் கட்டுரையை அனுப்பிவைப்பேன்.

என் முதல் நாவல் புத்தகமாக வந்தபோது, வேலையை விட்டு நின்றிருந்த நான் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனேன். அவர் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து எனக்கு ஒரு தபால் வந்தது. நாவலைப் பற்றி நாலு நல்ல வார்த்தைகள். கூடவே தனியாக இரண்டு தாள்கள். புத்தகத்தில் இருந்த அச்சுப் பிழைகளைப் பக்க எண், வரி எண் போட்டு, தம் முத்து முத்தான கையெழுத்தில் பட்டியல் எழுதி அனுப்பியிருந்தார். மொத்தம் எழுபத்திரண்டு. அடுத்த பதிப்பில் அத்தனையும் திருத்தப்பட்டன.